தூக்கிப் பார்த்தால் தெரியாது: நீடாமங்கலத்தில் வாங்கிய நாலு இன்ச் பைப், இரண்டு குறுவைக்குப் பிறகு

வாங்கியது 110 மி.மீ., 6 கேஜி (எடை இல்லை, பைப் தாங்கும் தண்ணீர் அழுத்தம்), ஆறு மீட்டர் நீளத்தில் 28 பிவிசி பைப். எங்கள் பக்கத்துப் பேச்சில் நாலு இன்ச் பைப். வாங்கிய இடம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் ஒரு பைப் கடை. வாங்கியது 2024 ஜூன் கடைசியில். இப்போது இரண்டு குறுவை பார்த்துவிட்டது. கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுவீர்கள். எப்படிப் பார்த்து வாங்கினேன் என்பதைப் படிக்க மாட்டீர்கள்.

ஏன் வாங்க வேண்டி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். மோட்டார் கொட்டகை கீழ்க்கோடியில், நாற்றங்கால் மேல்கோடியில். நடுவில் 160 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2023 கோடையில் அதற்குப் பைப் புதைத்தோம். அப்போது நான் மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தேன். வாங்கும் பொறுப்பு மச்சானுடையது. போனில், "அத்தான், ரெண்டு கம்பெனி பைப்பையும் தூக்கிப் பாத்துட்டேன். இது நல்ல கனம். விலையும் பைப்புக்கு இருநூறு ரூபா கம்மி" என்றார். கனமாகவும் இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது என்றால் அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பேரன் அழுதுகொண்டிருந்தான். "சரி, வாங்கிடு" என்று சொல்லிவிட்டேன்.

2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். எங்கள் ஊரில் குறுவை போட்டவர்கள் எல்லாம் ஃபில்டர் பாயின்ட்டை, அதாவது ஆழ்துளைக் குழாய்க் கிணற்றை நம்பிப் போட்டவர்கள்தான். மும்முனை மின்சாரம் இருந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. ஒரு ராத்திரி இரண்டு மணிவாக்கில் கரண்டு போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கிளப்பிவிட்டது. பாதி காலியாக இருந்த குழாயில் தண்ணீர் ஓடி வந்து முட்டியதில் பைப் பிளந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் வரப்போரம் ஒரு குட்டை, அதில் இரண்டு கொக்கு. தோண்டிப் பார்த்தோம். ஒரு பைப் முழு நீளத்துக்கும் நெடுகப் பிளந்து கிடந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டு ஒட்டுப் போட்டோம். நாலாம் நாள் அடுத்த பைப்.

நல்ல பிவிசி அடிபட்டால் முதலில் வெளுக்கும், நசுங்கும், அப்புறம்தான் கிழியும். இது ஓட்டுச்சில் மாதிரி உடைந்திருந்தது. உடைந்த விளிம்பை விரலால் தேய்த்தேன். வெள்ளையாக ஒட்டியது. மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஐஎஸ்ஐ முத்திரை இருந்துச்சே அத்தான்" என்றார். முத்திரை இருந்தது உண்மைதான். ஆனால் உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அந்த வெள்ளை என்னவென்று எனக்குத் தெரியும். 1986-லிருந்து 2019 வரை 33 வருஷம் பிவிசி பவுடர் ஆலையில், வேதிவினை நடக்கும் பெரிய கலமான ரியாக்டர் இருக்கும் பகுதியில் ஷிஃப்ட் பார்த்தவன் நான். பைப் செய்யும் ஆலை இல்லை, பைப்புக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. வெள்ளையாக ஒட்டியது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் பொடி. பைப்பில் கொஞ்சம் சேர்ப்பது தப்பில்லை. 100 கிலோ பவுடருக்கு ஐந்தாறு கிலோ மெல்லிய பொடி சேர்த்தால் பைப்புக்கு அது நல்லதுகூட. பவுடரைவிட அது மிக மலிவு என்பதால் சிலர் அளவு மீறிப் போடுகிறார்கள், அங்கேதான் வினை. பிவிசியின் அடர்த்தி 1.4. சுண்ணாம்புக்கல்லுக்கு 2.7. ஆக, கலப்படம் கூடக் கூட பைப் கனக்கும். மச்சான் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து மெச்சியது அந்தச் சுண்ணாம்பைத்தான்.

இனி கடை. நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்கள் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு போங்கள். அன்றைக்கு நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயிலுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். கடையை நடத்துவது ஒரு பெண், அப்பாவுக்குப் பிறகு எடுத்து நடத்துவதாகச் சொன்னார்.

"ஏம்மா, இந்தப் பைப்புல ஒரு துண்டு அறுத்துத் தருவியா?"

"எதுக்குங்கய்யா?"

"எடை போடணும்."

"முழுப் பைப்பையே தராசுல வைக்கலாங்களே."

"காத்துல வேணாம்மா. தண்ணிக்குள்ள எடை போடணும்."

ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம், வண்டியில் வரும்போது முனை உடைந்த பைப் ஒன்றிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அதற்குத்தான். முந்தின நாள் வேறு ஊரில் ஏறி இறங்கிய இரண்டு கடைகளில், "வாங்கறதா இருந்தா வாங்குங்க" என்றே பதில் வந்தது.

சோதனை எளிது. பக்கத்தில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் புள்ளிக்குப் பின்னும் காட்டும் தராசு உண்டு. துண்டை முதலில் அப்படியே எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து ஜீரோ ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது துண்டு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. துண்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், விரலால் தட்டிவிடுங்கள்.

பிளந்த பைப்பின் துண்டு 41.3 கிராம், தண்ணீரில் 25.7. அடர்த்தி 1.61. கடையில் வாங்கிய துண்டு 38.6 கிராம், தண்ணீரில் 26.7. அடர்த்தி 1.45. குடிநீர்ப் பைப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4985 சொல்லும் எல்லை 1.40 முதல் 1.46 வரை. என் கணக்குப்படி பழைய பைப்பில் 100 கிலோ பவுடருக்கு 35 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு. பைப்பின் எடையில் நாலில் ஒரு பங்கு! நகைக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கத்துலதான் கலப்படம் பாத்திருக்கேன்" என்றார்.

இந்த 1.45 ஒன்றே போதாது. சுண்ணாம்பு கம்மி என்றுதான் அது சொல்லும்; பவுடர் நல்ல பவுடரா என்பது வேறு கேள்வி. இங்கே கொஞ்சம் என் பழைய வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிவிசி பிறப்பது வினைல் குளோரைடு என்ற வாயுவிலிருந்து. அழுத்தம் இல்லாவிட்டால் மைனஸ் 13 டிகிரியிலேயே அது ஆவியாகிவிடும். அதை அழுத்தத்தில் திரவமாக்கி, ரியாக்டருக்குள் தண்ணீரோடு சேர்த்துக் கலக்குவோம். மோர் கடையும்போது வெண்ணெய் சிறு துளியாக மிதக்கிறதே, அப்படிப் பிரியும். வெண்ணெய் திரண்டுவிட்டால் வீட்டில் சந்தோஷம், இங்கே திரண்டுவிட்டால் தொலைந்தோம். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசைக் கரைசலைச் சேர்ப்போம். வேட்டிக்குக் கஞ்சி மாதிரி ஒவ்வொரு துளிக்கும் மெல்லிய உறை. துளிக்குள்ளே வினைல் குளோரைடு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு நீளச் சங்கிலியாகும், அதற்குப் பெயர்தான் பாலிமர். பெராக்சைடு வகை இனிஷியேட்டர் ஒன்று அந்தச் சங்கிலியைத் தொடங்கி வைக்கும். ஒவ்வொரு துளியும் இறுகி, துளைகள் நிறைந்த ஒரு வெள்ளைப் பருக்கையாகும். அதுதான் பவுடர். சொல்ல மறந்துவிட்டேன், அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். குளோரின் உப்பிலிருந்து எடுப்பது. வேதாரண்யத்தில் பாத்தி கட்டி வாருகிறோமே, அதே சோடியம் குளோரைடுதான்.

இதில் சூடுதான் எல்லாம். ஒரு கிலோ வினைல் குளோரைடு பாலிமராக மாறும்போது வெளிவிடும் வெப்பம், ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ரியாக்டரில் இருப்பது டன் கணக்கில். பைப்புக்கான பவுடரை ஏறக்குறைய 57 டிகிரியில் வைத்துச் செய்வோம். அந்தச் சூட்டில் ஒரு சங்கிலிக்குச் சுமார் ஆயிரம் கண்ணி. சூடு ஏறினால் கண்ணி குறையும், சங்கிலி குட்டையாகும், பைப் நொறுங்கும். இனிஷியேட்டரைக் கூட்டிக் குறைத்தால் வேகம்தான் மாறும், சங்கிலி நீளம் பெரிதாக மாறாது. வளரும் சங்கிலி பக்கத்திலிருக்கும் வினைல் குளோரைடிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தான் நின்றுவிடுகிறது. அந்த ஒப்படைப்பை முடுக்குவது சூடு. அதனால் எங்கள் கண் எப்போதும் வெப்பமானியில். சித்திரை வெயிலில் குளிர்விக்கும் தண்ணீரே சூடாக வரும்போது ஷிஃப்டில் ஒருவனுக்கும் தூக்கம் வராது. கரண்டு போய்க் கலக்கும் துடுப்பு நின்றால் வேதிவினையைச் சாகடிக்கும் மருந்தை உள்ளே செலுத்த வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ராத்திரி கரண்டு போனால் எனக்கு இன்னமும் உடம்பு தூக்கிப் போடுவது வயலுக்காக மட்டும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பேட்ச், அதாவது ரியாக்டரை ஒரு தடவை நிரப்பி இறக்குவது, முடிய பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மந்தமாகத் தொடங்கி, கடைசியில் ஒரேயடியாகச் சூடு கிளம்பும். பிறகு வேகமானது ஒன்று, நிதானமானது ஒன்று என இரண்டு இனிஷியேட்டரைக் கலந்து போட ஆரம்பித்தார்கள். சூடு சமமாகப் பரவியது, குளிர்விப்பும் அதற்கு ஈடுகொடுத்தது. ஓய்வு பெறும்போது ஐந்து, ஆறு மணி நேரத்தில் இறக்கினோம். வெளியே இருந்து பார்த்தால் அதே ரியாக்டர், அதே வெள்ளைப் பவுடர்.

ஆனால் பெரிய மாற்றம் என்றால் அடிப்பிடித்தல் நின்றதுதான். அந்தக் காலத்தில் பேட்ச் முடிந்ததும் ரியாக்டரின் உள்சுவரில் சோற்றுப் பானைபோல ஒரு பொருக்கு பிடித்திருக்கும். மேல்மூடியைத் திறந்து ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். காற்றுக்குழாய் முகமூடியோடு நானே பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். 1974-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம் கல்லீரலில் ஓர் அரிய புற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். காரணம் இந்த வாயுதான். அங்கே அடுத்த வருஷமே காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது. எங்களுக்கு முகமூடி கொடுத்தார்கள், ஏன் என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதை நானே படித்துத் தெரிந்துகொண்டபோது மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒவ்வொரு பேட்சுக்கும் முன்னால் சுவரில் பினால் வகைப் பூச்சு ஒன்றைத் தெளிக்கும் முறை வந்தது. அதில் பொருக்கு ஒட்டாது. மிச்சமிருந்தால் உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும். நூற்றுக்கணக்கான பேட்ச் மூடியைத் திறக்காமலே ஓடியது. ஆளுக்கும் நல்லது, பைப்புக்கும் நல்லது. எப்படி என்றால், சுவரிலிருந்து உதிரும் பொருக்கு பவுடரோடு கலந்தால் அந்தத் துணுக்கு மற்றதோடு உருகாது. அச்சிலிருந்து வெளிவரும்போது பருவாக நிற்கும். எங்கள் பாஷையில் மீன்கண். பழைய பைப் ஏதாவது வீட்டில் கிடந்தால் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். அழுத்தம் ஏறினால் விரிசல் பிடிக்க அந்த இடம் போதும்.

இன்னொன்று, வேதிவினையை முழுசாக முடிய விடமாட்டோம். 85, 90 சதவீதம் போனதும் நிறுத்திவிடுவோம். கடைசிச் சொட்டையும் மாற்றப் பேராசைப்பட்டால் சங்கிலியில் ஊனங்கள் கூடும். ஊனமான கண்ணியிலிருந்து சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கழன்றால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாகக் கழலும். பைப் மஞ்சளித்துப் பழுப்பாகும். அதைத் தடுக்கத்தான் பைப்காரர்கள் நிலைப்படுத்தி சேர்ப்பது. முன்பு காரீய உப்பு, இப்போது கால்சியம்-துத்தநாகம். பைப்பில் காரீயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல் விதியே போட்டுவிட்டது. மாறாமல் மிஞ்சிய வாயுவை நீராவி விட்டு உறிஞ்சி எடுத்து, மறுபடி பயன்படுத்துவோம். பவுடரில் கடைசியில் தங்குவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பருக்கையில் துளைகள் ஒழுங்காக இருந்தால்தான் அது வெளியேறும். பசைக் கஞ்சியின் பக்குவம் அங்கே வந்து பேசும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பவுடரில் கால் பங்கு சுண்ணாம்பைக் கொட்டினால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

சரி, வாங்கிய பைப். உள்சுவர் வழவழப்பு, 28 பைப்பிலும் விரல் எட்டிய தூரம் வரை பரு தட்டவில்லை. அறுத்த முனையில் சுவர்க் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி. கடையில் இருந்த வேறொரு கம்பெனி பைப்பில் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ரம்பத்தால் அறுத்தால் சுருள் சுருளாக வந்தது. சுண்ணாம்பு ஏறிய பைப்பை அறுத்தால் மாவாகக் கொட்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தராசுகூட வேண்டாம். கடைத் துண்டை வைஸில், அதாவது பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்து நசுக்கினேன். இரண்டு சுவரும் ஒட்டும்வரை வளைந்தது, விளிம்பு வெளுத்தது, உடையவில்லை. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருந்தது. போனில், ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினேன். கம்பெனி பெயரும் வந்தது, உரிமம் நடப்பில் இருப்பதும் தெரிந்தது.

இரண்டு அடி ஆழத்தில் புதைத்தோம். எங்களுடையது களிமண். கோடையில் வெடித்து மழையில் ஊதும். அதனால் பைப்புக்கு அடியிலும் மேலும் அரை அடி மணல் போட்டோம். 2024-ல் அணை திறக்கும் வரை ஒரு மாதம் இதன் தலையில்தான் குறுவையே நின்றது. 2025-ல் ஜூன் 12-லேயே தண்ணீர் திறந்துவிட்டதால் வேலை குறைவு. இரண்டு வருஷமும் பெல்ட் வைத்த அறுவடை மிஷின் மேலே ஏறி இறங்கியது. இதுவரை ஒரு கசிவும் இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டரையும் மாற்றினேன், கரண்டு வந்து சில நிமிஷம் கழித்துத்தான் இப்போது மோட்டார் கிளம்பும். பாதிப் புண்ணியம் அதற்கும் சேரும்.

குறைகள் உண்டு. எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு) இரண்டு, பொருத்தும்போதே விரிந்துவிட்டன. பிட்டர் சுத்தியலால் தட்டினார், தப்பு அவர்மேல்தான் முக்கால்வாசி. எல்போ, டீ எல்லாம் அச்சில் ஊற்றுவது. நன்றாக ஓட வேண்டும் என்பதற்காகக் குட்டைச் சங்கிலிப் பவுடரில் செய்வார்கள். பைப்பின் தெம்பை எல்போவிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கடையில் அதைச் சொல்லி விற்கலாம். பைப்பை ஒட்டும் சொல்யூஷன் டப்பா பழைய சரக்கு, திறந்தால் தேன்பதத்தில் இருந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். பைப்பை வெயிலில் முற்றத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேல் அடுக்கில் இருந்த மூன்று பைப் ஒரு பக்கம் நிறம் மங்கியிருந்தது. கீழடுக்கிலிருந்து எடுக்கச் சொன்னால் கடைப்பையன் முகத்தைச் சுளிக்கிறான், முதலாளியம்மா அதட்டினால்தான் எடுக்கிறான். வண்டிக்கூலி அதிகம்; டாடா ஏஸில் ஆறு மீட்டர் பைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு வருவதற்கும் அதே கூலியா என்று கேட்டேன், பதில் இல்லை.

பைப்புக்கு ஐந்துக்கு நாலரை. கடைக்கு நாலு. எல்போவுக்கு இரண்டரை.

பழைய பைப்பில் பிளக்காமல் மிஞ்சியதைத் தோண்டி எடுத்து மாட்டுக் கொட்டகைச் சாய்ப்புக்குக் குறுக்குக் கொம்பாக மச்சான் கட்டியிருக்கிறார். போன வாரம் கன்றுக்குட்டி முட்டியதில் அதிலும் ஒன்று உடைந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மூங்கில் வாங்கி வந்துவிட்டார்.